படபடப்பு நின்றுவிட்டது, அப்படியே விட்டுவிடலாமா?

மோல்மேன் ஊர்த் தங்கச்சியின் கேள்வி, 8 ஜூன் 2025

அம்மாவுக்கு 58 வயது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. பங்குனி மாதத்திலிருந்து திடீர் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சில நாள் அரை மணி நேரம், சில நாள் ராத்திரி முழுக்க. இரண்டு தடவை ஈசிஜி எடுத்தோம். இரண்டிலும் ஒன்றும் இல்லை, பயம்தான் என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். இப்போது பத்து நாளாக ஒன்றுமில்லை. முன்பைவிட இளைத்துச் சுறுசுறுப்பாகக்கூட இருக்கிறார். அப்படியே விட்டுவிடலாமா? ரங்கூனில் இதை அனுபவித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

8 ஜூன், இரவு

விட்டுவிடாதீர்கள் தங்கச்சி. ஈசிஜி அந்தப் பத்து விநாடிக்கு மட்டும்தான் சாட்சி. நெஞ்சு அமைதியாக இருக்கும்போது எடுத்தால் காகிதமும் அமைதியாகத்தான் இருக்கும். அடித்துக்கொள்கிற நேரத்திலேயே ஓடிப்போய் எடுக்க வேண்டும். கரன்ட் போகும் நேரம் ஆகிவிட்டது. என் அம்மாவின் கதையை நாளைக்கு எழுதுகிறேன்.

9 ஜூன்

எங்கள் வீடு அனோராட்டா சாலையை ஒட்டிய தெருவில், நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. அந்தச் செங்குத்து மரப்படியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். 2022 மழைக்காலத்தில் அம்மா இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார ஆரம்பித்தார். "வயசாச்சு, மூச்சு வாங்குது" என்பார். அப்போது அவருக்கு 71. பிறகு கீழே இறங்குவதையே நிறுத்திவிட்டார். பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றில் கூடையைக் கட்டி இறக்குவார், காய்காரப் பெண் போடுவதை மேலே இழுத்துக்கொள்வார். நாங்களும் நல்ல வசதிதான் என்று இருந்துவிட்டோம். ஒருநாள் கூடையில் இரண்டு கிலோ வெங்காயத்தை இழுக்கும்போது பாதியில் கயிற்றை விட்டுவிட்டார். முகமெல்லாம் வியர்வை. நெஞ்சுக்குள் தவளை தத்துவதுபோல இருக்கிறது என்றார்.

கிளினிக்கில் பர்மிய மருத்துவர் ஒரு இயந்திரத்தையும் எடுக்கவில்லை. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "யின் தோன் இருக்கிறதா?" என்று கேட்டார். நான் "பயமா இருக்கா?" என்று தமிழில் மாற்றினேன். அம்மா "எனக்கென்ன பயம்?" என்றார். நான் "இல்லை" என்று சொல்லிவிட்டேன். நெஞ்சு உதறுகிறதா என்பதைத்தான் அவர் கேட்டார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. நம் ஊர்க்காரர்கள் வயதானவர்களுக்கு மொழிபெயர்க்கப் போகும்போது இதை நினைவில் வையுங்கள். படபடப்பு என்ற நம் சொல்லில் பயமும் நோயும் கலந்து கிடக்கிறது.

ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். சுருக்கமாக ஏஎஃப். இதயத்தின் மேலறை இரண்டும் சேர்ந்து சுருங்காமல் நிமிடத்துக்கு 350, 400, 500 என்று உதறிக்கொண்டிருக்கும். நடுவில் இருக்கும் முடிச்சு ஒன்று வாசற்காரன் மாதிரி சிலதை மட்டும் கீழறைக்கு விடும், சிலதை மறிக்கும். எதை விடுவான் என்று கணக்கில்லாததால் நாடியில் தாளமே இருக்காது.

10 ஜூன்

நாடி பார்ப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவை ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். உள்ளங்கையைத் திருப்பி, கட்டைவிரல் அடியில் மணிக்கட்டின் ஓரமாக உங்கள் இரண்டு மூன்று விரல்களை வையுங்கள். உங்கள் கட்டைவிரலை வைக்காதீர்கள், அதன் துடிப்பே உங்களைக் குழப்பும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். சும்மா இருக்கும்போது 60 முதல் 100 வரை இயல்பு.

எண்ணிக்கையைவிட இடைவெளிதான் முக்கியம். எல்லாம் சீராகப் போய், நடுவில் ஒன்று தவறி, அடுத்தது பலமாக விழுந்து மறுபடி சீராகிவிட்டால் அது பெரும்பாலும் இடையில் முந்திக்கொண்டு வரும் ஒற்றைத் துடிப்பு. பலருக்கும் உண்டு, அதிகம் பயப்பட வேண்டியதில்லை. ஏஎஃப் அப்படி இல்லை. மழை விட்டபிறகு மரத்திலிருந்து தகரத்தில் சொட்டுமே, அப்படி. அடுத்தது எப்போது விழும் என்று உங்களால் ஊகிக்கவே முடியாது.

11 ஜூன்

நேற்று எழுதியதில் ஒரு பிழை. தாளம் தப்பிய நாடிக்கு 15 விநாடிக் கணக்கு உதவாது. ஒரு கால் நிமிடத்தில் 18 விழும், அடுத்ததில் 29 விழும். முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். கையில் மாட்டும் அழுத்தக் கருவியும் இதில் தடுமாறும், ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து வேறு வேறு எண் காட்டும். மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப்பில் வரும் துடிப்பு எண்ணை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

14 ஜூன்

இதை எழுத மூன்று நாள் தயங்கினேன். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதியும் பயனில்லை.

எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்ததில் அம்மாவின் மைட்ரல் வால்வு, அதாவது இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் கதவு, சுருங்கியிருந்தது. மிதமான சுருக்கம், இப்போதைக்கு பலூன் விட்டு விரிக்க வேண்டாம் என்றார்கள். சின்ன வயதில் மூட்டு வீக்கம் வந்ததா என்று மருத்துவர் கேட்டார். பெகு பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவர் அம்மா. பத்து வயதில் ஒரு முட்டி வீங்கி வடிந்ததும் அடுத்த முட்டி வீங்குமாம், பாட்டி நொச்சி இலையை வதக்கிக் கட்டுவாராம். அதுதான் ரியுமாட்டிக் காய்ச்சல். அறுபது வருடம் கழித்து இதயத்தில் வந்து நின்றது.

மூன்று மாத்திரை கொடுத்தார்கள். வேகத்தைக் குறைக்க மெட்டோப்ரோலால், நீர் பிரிய ஃப்யூரோசமைட், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின். ஒரு மாதத்தில் படபடப்பு அடங்கியது. படியேற முடிந்தது. காளியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்வந்தார்.

2023 திஞ்சான் என்ற பர்மியப் புத்தாண்டு விடுமுறையில் கடைகளெல்லாம் மூடியிருந்தன, வார்ஃபரின் தீர்ந்துபோனது. பக்கத்து வீட்டு அக்கா, "அது எலி மருந்து, அதையா தினமும் முழுங்குறீங்க?" என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கும் நெஞ்சு நன்றாகத்தானே இருக்கிறது என்று பட்டது. எனக்குச் சொல்லவில்லை. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் காலையில் தேநீர்க் கோப்பையை என்னிடம் நீட்டினார். கோப்பை விழுந்தது. கை நீட்டியபடியே இருக்கிறது, விரல் மட்டும் பிடிக்கவில்லை. "என்னம்மா?" என்றேன். வாயிலிருந்து வந்தது சொல்லாக இல்லை. வாயின் வலது ஓரம் கீழே இழுத்திருந்தது. இருபது நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் சின்ன ரத்தக் கட்டி ஒன்று அடைத்துத் தானாகவே கரைந்திருக்கிறது என்றார்கள். கரையாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் தேநீர் ஆற்றும்போதெல்லாம் வரும்.

மேலறை உதறும்போது இடது மேலறையின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பை போன்ற மடிப்பில் ரத்தம் தேங்கும். தேங்கினால் உறையும். உறைந்தது கிளம்பினால் பெரும்பாலும் மூளைக்குத்தான் போகும். ஏஎஃப் உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு. மெட்டோப்ரோலால் கீழறையின் வேகத்தைத்தான் அடக்குகிறது. மேலறை உள்ளே உதறிக்கொண்டேதான் இருக்கும், நமக்குத் தெரியாது. படபடப்பு போனதற்கும் கட்டி உண்டாகாததற்கும் சம்பந்தமே இல்லை. இதை எனக்கு முதல் நாளே ஒருவர் இப்படி உடைத்துச் சொல்லியிருக்கலாம்.

அந்த அக்கா சொன்னதும் பொய் இல்லை. வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது. அதற்கும் முன்னால் அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த ஸ்வீட் க்ளோவர் என்ற தீவனச் செடியைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. அந்தக் காரணத்தைத் தேடிப் போனதில்தான் இந்த மருந்தே கிடைத்தது. 1954இல் மனிதர்களுக்கு அனுமதித்தார்கள். அடுத்த ஆண்டு அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கே கொடுத்தார்கள். இதைச் சொன்னபிறகுதான் அம்மா மறுபடி வாயில் போட்டார். ஐசன்ஹோவர் மாத்திரை என்று எங்கள் வீட்டில் இப்போது அதற்குப் பெயர்.

கீரையை அடியோடு நிறுத்திவிட்டோம்.

15 ஜூன்

முகம் ஒரு பக்கம் இழுத்தல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல். மூன்றில் ஒன்று வந்தாலும், அடுத்த நிமிடமே சரியானாலும், உடனே ஆஸ்பத்திரி. நாங்கள் சரியாகிவிட்டதே என்று மத்தியானம் வரை வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அது பெரிய தப்பு.

20 ஜூன்

கீரை பற்றி எழுதியதைத் திருத்துகிறேன். தட்டோனிலிருந்து ஒரு நர்ஸ் அக்கா என்னைத் திருத்தினார், அவர் சொன்னதை எங்கள் மருத்துவரிடமும் கேட்டுவிட்டேன். கீரையை நிறுத்தவே கூடாது. வார்ஃபரின் வேலை செய்வது வைட்டமின் கே-க்கு எதிராக. கீரையில் அது நிறைய. வாரம் முழுக்கக் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு, அமாவாசைக்கு முருங்கைக்கீரையை ஒரு தட்டு சாப்பிட்டால்தான் அளவு ஊசலாடும். எப்போதும் சாப்பிடும் அளவை மாற்றாமல் சாப்பிட வேண்டும், அதற்கேற்ப மாத்திரை அளவை அவர்கள் வைத்துக்கொள்வார்கள். நாங்கள் இப்போது வாரம் மூன்று நாள், ஒரு கரண்டி. வள்ளைக்கீரையோ புளிச்சக்கீரையோ சந்தையில் எது கிடைக்கிறதோ அது.

லப்பெத் என்ற ஊறவைத்த தேயிலை சாலட் தனி. தேநீரை வடித்துக் குடிக்கும்போது இலை பாத்திரத்தில் தங்கிவிடுகிறது. லப்பெத்தில் இலையையே மென்று தின்கிறோம், அதனால் அதையும் கீரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை எண் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். 2க்குக் கீழே கட்டி பயம், மேலே ஏற ஏற ரத்தக்கசிவு பயம். ஒரு நோட்டில் தேதி, ஐஎன்ஆர், மாத்திரை அளவு, அந்த வாரம் வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டாரா என்று எழுதி வையுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அந்த நோட்டை நீட்டுங்கள்.

2 ஜூலை

பெகு அண்ணன் தன் மகனைப் பற்றிக் கேட்டிருக்கிறார். 22 வயது. சுவிட்ச் போட்டதுபோல் ஆரம்பித்து, நிமிடத்துக்கு 180 அடித்து, சுவிட்ச் அணைத்ததுபோல் நிற்கிறதாம். தாளம் சீராகவே இருக்கிறதாம். அண்ணே, அது ஏஎஃப் மாதிரித் தெரியவில்லை. எஸ்விடி என்று ஒன்று இருக்கிறது. மின்சாரம் ஒரு குறுக்கு வழியில் வட்டமடிப்பது. வந்த நேரத்தில் எடுத்த ஈசிஜிதான் உறுதி சொல்லும். வராத நேரத்து ஈசிஜியும் எடுத்து வையுங்கள், பிறவியிலேயே கூடுதல் இழை இருந்தால் சிலருக்கு அதில் தெரியும். அப்படி இருந்தால் கொடுக்கக்கூடாத மருந்துகள் உண்டு.

வீட்டில் செய்யக்கூடிய ஒன்று. சாய்ந்து உட்கார்ந்து 10 மில்லி சிரிஞ்சின் வாயில் ஊத வேண்டும், உள்ளே இருக்கும் தண்டு நகரும் அளவுக்கு. 15 விநாடி விடாமல்.

3 ஜூலை

பாதியில் கரன்ட் போய்விட்டது. மீதி இதோ. ஊதி முடித்த உடனே அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு காலையும் 45 டிகிரிக்குத் தூக்கி 15 விநாடி பிடிக்க வேண்டும். இந்தக் கால் தூக்கல்தான் உயிர்நாடி. 2015இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வில் வெறுமனே ஊதியவர்களில் 17 சதவீதம் பேருக்குத்தான் நின்றது, காலையும் தூக்கியவர்களில் 43 சதவீதம். முதல் தடவை மருத்துவர் முன்னால் செய்யட்டும். மயக்கம், நெஞ்சுவலி வந்தால் ஊதிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இந்த வகைக்குத் தொடை வழியாகக் கம்பி விட்டு அந்த இழையைச் சுட்டுவிடும் சிகிச்சை உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அதோடு முடிந்துவிடும். வாலிபப் பிள்ளை, யோசித்துப் பாருங்கள்.

13 ஜூலை

மோல்மேன் தங்கச்சி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு மறுபடி வந்து, ஆட்டோவில் தூக்கிப்போய் ஈசிஜி எடுத்து, ஏஎஃப் என்று தெரிந்திருக்கிறது. எக்கோவில் வால்வு நன்றாக இருக்கிறதாம். நான் என் அம்மாவையே நினைத்துக்கொண்டு வால்வு, வால்வு என்று எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மாவுக்குத் தைராய்டு அதிகம் சுரக்கிறது.

முதல் நாளே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், "இளைத்துச் சுறுசுறுப்பாக" என்று. நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகி இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன் என்று இப்போது சொல்கிறீர்கள். நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது, கை நடுக்கம், மழைக்குளிரிலும் வியர்வை, இவை படபடப்போடு சேர்ந்து வந்தால் தைராய்டு பார்த்தே ஆக வேண்டும். ஏஎஃப் புதிதாகக் கண்டுபிடித்த எல்லாருக்குமே அந்த ரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. தைராய்டு அடங்கினால் பலருக்கு இதயம் தானாகவே தாளத்துக்குத் திரும்பிவிடும்.

14 ஜூலை

ரத்தம் உறையாமல் இருக்க உங்கள் அம்மாவுக்கு அபிக்ஸாபான் என்ற புது மருந்து, என் அம்மாவுக்கு வார்ஃபரின், ஏன் என்று கேட்கிறீர்கள். வால்வு நன்றாக இருப்பவர்களுக்கு ஒரு புள்ளிக் கணக்கு உண்டு. ரத்த அழுத்தத்துக்கு 1, சர்க்கரைக்கு 1, இதயச் செயலிழப்புக்கு 1, ரத்தக்குழாய் நோய்க்கு 1, 65 வயதுக்கு 1, 75 ஆனால் 2, முன்பு பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண்களுக்கு முன்பெல்லாம் ஒன்று கூட்டுவார்கள், ஐரோப்பிய மருத்துவர்கள் 2024இல் அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் அம்மாவுக்கு அழுத்தமும் சர்க்கரையும் சேர்த்து 2. அதனால் ரத்தம் உறையாத மருந்து வேண்டும். அபிக்ஸாபானுக்கு ஐஎன்ஆர் தேவையில்லை, கீரைக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் இரண்டு வேளை, ஒரு வேளை தவறினாலும் சீக்கிரம் வலு இறங்கிவிடும். சிறுநீரகப் பரிசோதனையை விடாதீர்கள்.

ரியுமாட்டிக் வால்வு மிதமாகவோ கடுமையாகவோ சுருங்கியவர்களுக்கு இந்தக் கணக்கே போடுவதில்லை, ஏஎஃப் வந்தால் நேரே வார்ஃபரின்தான். நான் 2023இல் புது மருந்துக்கு மாற்றித் தரச் சொல்லி மருத்துவரிடம் சண்டையே போட்டேன். அவர்தான் 2022இல் வந்த ஆய்வை எடுத்துச் சொன்னார். பல நாடுகளில் ரியுமாட்டிக் இதய நோயோடு ஏஎஃப் உள்ள 4,500 பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்ததில், புது மருந்தான ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகையைச் சாப்பிட்டவர்களில் இறப்பு குறைவு. எலி மருந்தே ஜெயித்தது.

22 ஜூலை

வார்ஃபரின்காரர்களுக்கு அவசரமாக ஒன்று. மழைக்கு எங்கும் வயிற்றுப்போக்கு. போன வருடம் அம்மாவுக்கு வந்தபோது பக்கத்து மருந்துக்கடையில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி வாங்கிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் பல் தேய்க்கும்போது எச்சில் சிவப்பாக வந்தது. ஐஎன்ஆர் 5.6. அந்த மருந்து வார்ஃபரினின் வலுவை ஏற்றிவிடும், கோட்ரைமாக்ஸசோலும் அப்படியே. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் நேர்மாறாக இறக்கிவிடும். இடுப்பு வலி, உடம்பு வலிக்குக் கடையில் நாலைந்து மாத்திரையைச் சேர்த்துக் கட்டித் தரும் பொட்டலம் எல்லாவற்றையும்விட மோசம். உள்ளே டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை இருக்கலாம், ஸ்டீராய்டு இருக்கலாம், யாருக்கும் தெரியாது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

30 ஜூலை

பேரப்பிள்ளைகளுக்கும் இது வருமா என்று பெகு அண்ணன் கேட்டார். அம்மாவுக்கு வந்தது தொண்டைப் புண்ணில் ஆரம்பித்தது அண்ணே. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அதைத் தொடர்ந்து ரியுமாட்டிக் காய்ச்சல் வரும். காய்ச்சலோடு தொண்டை வலித்தால் காட்டுங்கள், பெனிசிலின் முழு அளவும் போட்டால் தடுக்கலாம். ஒரு தடவை ரியுமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி, பல வருடங்களுக்கு. ஊசி வலிக்கும், பிள்ளை அழும், நமக்கு மனசு வராது. என் பாட்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை, நொச்சி இலைதான் கிடைத்தது.

9 ஆகஸ்ட்

தங்கச்சி, நாடி 78, ஒரு நிமிடம் முழுக்கச் சீராக எண்ணினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன், அவரே கூடை இறக்கிக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணோட அம்மாவ மாத்திரைய மட்டும் விட்டுடச் சொல்லாத" என்றார். இந்த வாரம் அம்மாவின் ஐஎன்ஆர் 2.4.

அபிக்ஸாபானை இப்போதே நிறுத்தலாமா என்ற உங்கள் கேள்விக்கு அம்மாவே பதில் சொல்லிவிட்டார். அழுத்தமும் சர்க்கரையும் தைராய்டோடு போகப்போவதில்லை, அந்த 2 புள்ளி அப்படியேதான் இருக்கிறது. தைராய்டு எண் இயல்புக்கு வந்து சில மாதம் நின்றபிறகு, 24 மணி நேரமும் ஈசிஜி பதியும் ஹோல்டர் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு மருத்துவர் சொல்லட்டும்.

தைராய்டை அடக்கும் கார்பிமசோல் சாப்பிடுகிறார் இல்லையா, அதற்கு ஒன்று. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், மழைக்குச் சளி என்று நினைக்காமல் மாத்திரையை நிறுத்தி அன்றைக்கே வெள்ளை அணுக்களை எண்ணச் சொல்லுங்கள். அரிதாகத்தான் வரும், வந்தால் அணுக்கள் மளமளவென்று இறங்கிவிடும். அந்த மாத்திரை அட்டையின் பின்னாலேயே பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள். பர்மிய மொழியிலும் ஒரு வரி, நீங்கள் வீட்டில் இல்லாதபோது பக்கத்து வீட்டார் படிக்க.